இரண்டு ஏ4 தாளில் ஒரு புத்தகம்: கையால் கட்டப் பழகுகிறவர்களுக்கு

கையால் புத்தகம் கட்டிப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கெட்டி அட்டை, தோல் முதுகு, ஓரத்தில் பித்தளைக் கொக்கி. "அக்கா, இது மாதிரி ஒண்ணு செய்யணும்." செய்யலாம், ஆனால் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இரண்டு ஏ4 தாள், ஓர் ஊசி, ஒரு முழம் நூல். அரைமணி நேரத்தில் 16 பக்கமுள்ள, உள்ளங்கையில் அடங்குகிற புத்தகம் ஒன்று தயாராகிவிடும். அதைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் மேல் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்கிற வேலைதான்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பாட்டிமார்களும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் காலைகளில் நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த நம் மாதிரி ஊரில், ஈப்போவுக்குப் பஸ் ஏறாமலே கிடைக்கிற பொருள்கள் போதும்.

16 பக்கம் என்பது நானாக எடுத்த எண் இல்லை. அச்சகத்தில் புத்தகத்தின் அளவைப் 'பாரம்' கணக்கில் சொல்வார்கள். ஒரு பாரம் என்றால் 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மிகப் பழையது 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. அதுவும் 16 பக்கம்தான். ஏறக்குறைய 10 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம். நாம் செய்யப் போவதும் கிட்டத்தட்ட அதே அளவு. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் தாளை வெட்டும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

என்னென்ன வேண்டும்

தாளுக்கு அலைய வேண்டாம். போட்டோஸ்டாட் கடையில் இருக்கும் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் போதும். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. 70 ஜிஎஸ்எம் கொஞ்சம் மலிவு, ஆனால் ஒரு பக்கம் எழுதியது மறுபக்கம் தெரியும். அழுத்தி எழுதுகிற பிள்ளைகளுக்கு ஆகாது. மேலட்டைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மணிலா அட்டை. ஒரு பெரிய அட்டையில் குறைந்தது எட்டு மேலட்டை வரும்.

வேறு வகைத் தாள் வேண்டும் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் போய்க் கேளுங்கள். வெட்டிக் கழித்த துண்டுகள், ஓரம் மட்டும் அடிபட்ட நல்ல தாள்கள் எல்லாம் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஆடி மாதத்தில் போவது நல்லது. கல்யாண வேலை இல்லாததால் நின்று பேசுவார்கள், தேடி எடுத்தும் தருவார்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், நீங்கள் கட்டிய புத்தகம் ஒன்றைக் கொண்டு போய்க் கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்காமலே எடுத்து வைத்திருப்பார்கள்.

நூல் விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். தையல் மெஷின் நூலை ஒற்றை இழையாகப் போட்டால் அது தாளை அறுத்துவிடும். இரண்டாக்கிப் போடுங்கள். பூ கட்டும் நூல் இழுத்தால் அறுந்துபோகும். தங்கூசி, அதாவது தூண்டிலுக்குப் போடும் நைலான் நூல், வலுவானதுதான், ஆனால் முடிச்சு நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். துணியில் பூவேலை செய்யும் நூலை ஆறு இழையாகச் சுற்றி விற்பார்கள். அதில் மூன்று இழையைப் பிரித்து எடுத்தால் சரியான பருமன். எந்த நூலாக இருந்தாலும் மெழுகுவர்த்தி மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மூன்று முறை இழுங்கள். மெழுகு ஏறிய நூல் சிக்காது, முடிச்சு போட்ட இடத்தில் நகராமலும் இருக்கும்.

துளை போட ஒரு குத்தூசி வேண்டும். இல்லாவிட்டால் கோணி ஊசி. தைப்பதற்குக் காது கொஞ்சம் பெரிய சாதாரணத் தையல் ஊசி. வெட்டுவதற்குப் பேனாக் கத்தியும் இரும்பு ரூலரும். பிளாஸ்டிக் ரூலரில் வைத்து வெட்டினால் கத்தி ரூலரையே சீவிக்கொண்டு போகும், விரலும் தப்பாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கத்தியே வேண்டாம். தாளை மடித்து, மடிப்பை நன்றாக அழுத்தி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியை மடிப்புக்குள் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். ஓரம் பஞ்சு மாதிரி மெதுவாக வரும். எனக்கு அந்த ஓரம்தான் பிடிக்கும்.

மடிப்பை அழுத்துவதற்கென்று எலும்பில் செய்த கருவி விற்கிறார்கள். அடுப்படிக் கரண்டியின் பின்புறம் அதே வேலையைச் செய்யும்.

தாளுக்கு ஒரு கேட்கிற பக்கம் உண்டு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். புத்தகம் ஒழுங்காக மூடுமா, பக்கம் விறைத்து நிற்குமா என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஆலையில் தாள் செய்யும்போது, தண்ணீரில் கரைந்த நார்க்கூழ் ஓடிக்கொண்டிருக்கும் வலையின் மேல் விழுகிறது. வலை ஓடுகிற திசையிலேயே நார்களில் பெரும்பகுதி படுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நாரோட்டம் இருக்கிறது. நாரோடு சேர்த்து மடித்தால் தாள் எளிதாக மடியும், மடிப்பு கத்திமுனை மாதிரி நேராக இருக்கும். நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் தாள் வெடிக்கும், திறந்த பக்கம் தானாக எழுந்து நிற்கும். ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்குவாட்டில்தான் அதிகம் விரியும். நம் ஊர்ச் சாயங்கால மழைக்குப் பிறகு வீட்டில் கிடக்கிற தாளைத் தொட்டுப் பார்த்தாலே அது எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று தெரியும். நாரோட்டம் தப்பான புத்தகம் அந்த ஈரத்தில் அலை அலையாக நெளியும்.

கண்டுபிடிப்பது எப்படி? இதை எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். மரத்தின் தோலை மட்டும் இழையாகச் சீவி, உள்மரத்தில் காயம் படாமல் கத்தியை நிறுத்தத் தெரிந்த கை அது. ஒரு சனிக்கிழமை நான் பிள்ளைகளுக்கு நாரோட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன், யாருக்கும் புரியவில்லை. பாட்டி ஒரு தாளை வாங்கி மேசையில் வைத்தார். நீளவாட்டில் பாதியாக வளைத்து, மடிக்காமல், உள்ளங்கையால் மெத்தை மாதிரி இரண்டு தடவை மெதுவாக அமுக்கினார். விரித்தார். அடுத்து அகலவாட்டில் வளைத்து அதே மாதிரி அமுக்கினார். அப்புறம் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பக்கம் சொன்ன பேச்சு கேக்குது. அந்தப் பக்கம் மொறைக்குது. நீயே தொட்டுப் பாரு கண்ணு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாரோட்டம் என்ற சொல் போய்விட்டது. கேட்கிற பக்கம், முறைக்கிற பக்கம். அவ்வளவுதான். புத்தகத்தின் முதுகு எப்போதும் கேட்கிற மடிப்பில் வர வேண்டும்.

கையில் தெரியவில்லை என்றால் ஓரத்துத் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் கிழித்துப் பாருங்கள். நாரோடு கிழித்தால் கோடு ஏறக்குறைய நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். இன்னும் சந்தேகம் இருந்தால் சிறு சதுரத்தை வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரவிரலால் தடவுங்கள். தாள் குழலாகச் சுருளும். அந்தக் குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுதான் நாரின் திசை.

இப்போது கணக்கு. ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. நீளம். கடையில் வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும். அதை அப்படியே குறுக்கே பாதியாக மடித்துப் பள்ளி நோட்டு அளவில் செய்தால் மடிப்பு முறைக்கிற பக்கத்தில் வந்துவிடும். புதியவர்கள் செய்யும் முதல் புத்தகம் பெரும்பாலும் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம். அவர்கள் கையில் குறை இல்லை. அதே தாளை முதலில் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் இன்னொரு முறை பாதியாக மடித்தால் மடிப்பு கேட்கிற பக்கத்தில் வந்து உட்காரும். அதற்காகவும்தான் முதல் புத்தகத்தைச் சின்னதாகச் செய்யச் சொல்கிறேன். நோட்டு அளவில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் நார் நீளவாட்டில் ஓடும் ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அப்படி வெட்டிய ஏ4 குறுக்கே மடித்தாலும் பேச்சு கேட்கும்.

முதல் புத்தகம்

இரண்டு ஏ4 தாளையும் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். நாலு துண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மடியுங்கள். நாலையும் சேர்த்து ஒரே அடியில் மடித்தால் உள்தாள்களில் மடிப்பு தடித்துப் போகும். ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்து, நடுவில் விரலால் மெதுவாக அமுக்கி, அங்கிருந்து மேலும் கீழும் கரண்டியால் ஒரே இழுப்பு. போகவரத் தேய்த்தால் தாள் பளபளப்பு ஏறி அசிங்கமாகும்.

மடித்த நாலையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தலைப்பக்கத்தை மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள். நாலு தாள், எட்டு ஏடு, 16 பக்கம். ஒரு பாரம் தயார்.

மேலட்டையை முதல் தடவை தாளின் அளவுக்கே வெட்டுங்கள். மணிலா அட்டையிலும் கேட்கிற பக்கம் பார்க்க மறக்காதீர்கள். நேராக மடிக்க, மை தீர்ந்த பேனாவால் ரூலரை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு அந்தக் கோட்டில் மடியுங்கள். பாரத்தை அதற்குள் செருகி, மேலேயும் கீழேயும் துணி கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று துளை வேண்டும். ஒன்று சரியாக நடுவில், அதாவது மேலிருந்து 74 மி.மீ.யில். மற்ற இரண்டும் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் 25 மி.மீ. தள்ளி. தடித்த பழைய வாரப் பத்திரிகை ஒன்றை நடுவில் விரித்து வைத்து, அந்தப் பள்ளத்தில் பாரத்தைத் திறந்தபடி உட்கார வையுங்கள். உள்மடிப்பின் அடியில் ஊசியை வைத்து, நேர் கீழாகக் குத்துங்கள். ஊசி சாய்ந்தால் வெளியே முதுகில் வராமல் பக்கவாட்டில் வரும். ஒவ்வொரு துளையைக் குத்தியதும் திருப்பிப் பாருங்கள். தப்பினால் அந்தத் தாளை மட்டும் மாற்றிவிடலாம்.

நூல் 45 செ.மீ. போதும். இப்போது தையல். புத்தகத்தின் உள்ளேயிருந்து தொடங்குங்கள். நடுத்துளை வழியாக வெளியே போங்கள், உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு வால் விட்டு வையுங்கள். வெளியே முதுகோடு மேலேறி மேல்துளையில் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தொடாமல் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியேறுங்கள். வெளியே முதுகோடு ஏறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். இந்த இடத்தில் மட்டும் கவனம். நடுத்துளையில் ஏற்கெனவே ஒரு நூல் இருக்கிறது, ஊசியால் அதைக் குத்திப் பிளந்துவிட்டால் அப்புறம் இறுக்க முடியாது. வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை விடுங்கள்.

இப்போது நடுவில் இரண்டு முனைகள் இருக்கும். உள்ளே மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது நூலை முதுகின் போக்கிலேயே, மேலும் கீழுமாக இழுங்கள். உங்கள் பக்கமாகத் தூக்கி இழுத்தால் துளை கிழிந்து நீளும். என் பிள்ளைகளின் பழைய புத்தகங்களில் பாதி அப்படித்தான் கிழிந்தன. இறுகியதும் நீண்ட தையலுக்கு மேலாக முடிச்சு போடுங்கள்: முதலில் வலதுகை நூலை இடதின் மேல் போட்டு ஒன்று, அடுத்து இடதுகை நூலை வலதின் மேல் போட்டு ஒன்று. இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவும். வாலை ஒன்றரை செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்ட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மூடிப் பார்த்தால் நடுத்தாள்கள் வெளி ஓரத்தில் இம்மி அளவு முன்னால் வந்திருக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய தாளில் அது இயற்கை. இரும்பு ரூலரை வைத்து, கத்தியை மெதுவாக ஏழெட்டு தடவை ஓட்டிச் சீவலாம். ஒரே அழுத்தில் வெட்ட நினைக்காதீர்கள். சீவாமல் விட்டாலும் குற்றமில்லை.

இரவு முழுக்க ஒரு பலகைக்கும் அம்மிக்குழவிக்கும் நடுவில் வையுங்கள். காலையில் எடுத்தால் தட்டையாக, சொன்னபடி மூடும்.

பசை

முதல் புத்தகத்தில் ஒரு துளி பசைகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தையல் நன்றாக இருந்தால் பசை தேவையே இல்லை. கெட்டி அட்டைக்குப் போகும்போதுதான் அது வரும்.

கடையில் வாங்கும் வெள்ளைப் பசை சீக்கிரம் காயும், வளைந்து கொடுக்கும், பூச்சிக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் வைத்த இடத்திலிருந்து நகர்த்த நேரம் தராது. வீட்டில் காய்ச்சும் மாவுப் பசை மெதுவாகக் காயும். தாளைத் தூக்கித் திரும்ப வைக்கலாம். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரையும் ஊற்றி, சின்னத் தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு மறுநாளே புளித்துவிடும். ஐஸ்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். நான் இரண்டையும் சரிபாதி கலந்துதான் பயன்படுத்துகிறேன். மாவு நேரம் தரும், வெள்ளைப் பசை பிடிப்புத் தரும்.

தமிழ்நாட்டில் புத்தகம் பைண்ட் செய்பவர்கள் மாவுப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி வராது என்று. அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற வேலையில் வேண்டவே வேண்டாம்.

ரப்பர் பாலையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தாலும். 1877இல் ரப்பர் கன்று நட்ட கோலா கங்சாருக்குப் பக்கத்து ஊர் நம்முடையது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்கில், அந்தச் சின்னக் கிண்ணத்தில், மிச்சமிருக்கும் பாலைத் தொட்டுத்தான் படம் ஒட்டுவோம். பிடித்தால் விடாது. ஆனால் அந்த நோட்டை இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது பால் தொட்ட இடமெல்லாம் பழுப்பேறி, மொறமொறவென்று உதிர்ந்தது. படங்கள் எல்லாம் கழன்று கீழே கிடந்தன. மரத்துப் பால் காற்றில் பழையதாகும், தாளையும் கறையாக்கிவிடும்.

இதற்கு அடுத்து

வீட்டில் உதிரித் தாள்கள் கிடக்குமே, கோயிலில் கொடுத்த தேவாரத் தாள், பிள்ளைகளின் ஓவியம், பழைய கடிதம், அவற்றை மடித்துத் தைக்க முடியாது. அதற்கு ஓரத்தில் துளைபோட்டுக் கட்டும் முறை இருக்கிறது. ஜப்பானியர்கள் நாலு துளையில் அழகாகச் செய்வார்கள். நமக்கும் அது அந்நியமில்லை. ஓலைச்சுவடியைத் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டியவர்கள்தானே நாம். சுவடியில் இரண்டு துளை இருக்கும், ஒன்றில் கயிறு ஓடும், இன்னொன்றில் ஏடுகள் நகராமல் இருக்க நாராசம் என்ற கம்பியைச் செருகுவார்கள். தாளுக்கு, முதுகோரத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளி நாலு துளை. ஒவ்வொரு துளையிலும் நூலை முதுகைச் சுற்றி ஒருமுறை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். முனைத் துளைகளில் தலைப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் சுற்றி ஒருமுறை. கடைசித் துளையிலிருந்து திரும்பி வரும்போது விட்டுப்போன இடைவெளியெல்லாம் நிறைந்துவிடும். நூல் புத்தகத்தின் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு எடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இப்படிக் கட்டிய புத்தகம் விரித்தால் தட்டையாகக் கிடக்காது. எழுதுவதற்கு ஆகாது, படிக்கவும் பார்க்கவும்தான்.

கெட்டி அட்டைக்கு இரண்டு மில்லிமீட்டர் கனமான சாம்பல் அட்டை வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் தினசரிக் காலண்டரின் முதுகட்டை அருமையாக இருக்கும்; தை மாதம் வந்தால் எல்லார் வீட்டிலும் சும்மா கிடக்கும். நாம் தைத்த பாரத்துக்கு இரண்டு அட்டை, ஒவ்வொன்றும் 105 மி.மீ. அகலம், 154 மி.மீ. உயரம். இரண்டுக்கும் நடுவில் 8 மி.மீ. இடைவெளி விட்டு, சுற்றிலும் 15 மி.மீ. மிச்சம் வரும்படி துணியில் ஒட்டுங்கள். பழைய பாத்திக் துணி, சேலைத் துணி எதுவும் சரி, ஆனால் மெல்லிய துணியில் பசை ஊறி வெளியே வந்து கறை போடும். முந்தின நாளே துணியின் பின்பக்கம் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டிக் காயவையுங்கள். மூலைகளைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் முனையை ஒட்டி வெட்டாமல் 3 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் முனையில் அட்டை எட்டிப் பார்க்கும்.

பாரத்தைத் தைக்கும்போதே மணிலா அட்டைக்குப் பதில் வெளியே நிறத்தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்திருந்தால், அதன் இரண்டு பக்கத்தையும் கெட்டி அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டி முடித்துவிடலாம். ஈரம் உள்ளே போகாமல் இருக்க, ஒட்டிய பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் மெழுகுத்தாள் வையுங்கள்.

காயவைப்பதில் அவசரம் ஆகாது. நான் முதன்முதலில் செய்த கெட்டி அட்டைப் புத்தகத்தை மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு அட்டையும் இறக்கை மாதிரி மேலே வளைந்துகொண்டன. மேல்பக்கம் வேகமாகக் காய்ந்து சுருங்கி இழுத்ததுதான் காரணம். வெயிலும் அதையேதான் செய்யும். மூடி, பலகைகளுக்கு நடுவில் வைத்து, ஐந்து கிலோ அரிசி மூட்டையை மேலே ஏற்றுங்கள். மெழுகுத்தாளை மட்டும் காலையும் மாலையும் மாற்றுங்கள். மூன்றாம் நாள் எடுக்கலாம்.

வைத்துக் காப்பாற்ற

நம் ஊரில் புத்தகத்தின் எதிரிகள் ஈரம், கரையான், இராமபாணப் பூச்சி. சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், ஒரு கை போகும் அளவு இடம் விடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டினால் உள்ளேயிருக்கும் ஈரமே பூஞ்சை ஆகிவிடும். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு போன்றவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் வசம்பு கிடைக்கும்; ஒரு முடிச்சு கட்டி அலமாரி மூலையில் வையுங்கள். எல்லாவற்றையும்விட, வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் புரட்டுங்கள். ஆள் கை படுகிற புத்தகத்தில் பூச்சி குடியிருக்காது.

செய்த புத்தகத்தில் எழுதுங்கள். அழகாக இருக்கிறதே என்று வெறுமையாக வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு அவர்கள் சொல்வதை எழுதுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி தன் புத்தகத்தை வெறுமையாக வைக்கவில்லை. தோட்டத்தில் அவர் இருந்த லயம் இப்போது இல்லை, அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், பன்னிரண்டு கதவுள்ள லயம். எந்தக் கதவில் யார் இருந்தார்கள், எந்த வீட்டுப் பிள்ளை எங்கே போனது, யார் வீட்டு வாசலில் கறிவேப்பிலை இருந்தது என்று ஒவ்வொரு கதவாகச் சொல்லச் சொல்ல, பேத்தி எழுதினாள். ஏழாவது கதவிலேயே 16 பக்கமும் தீர்ந்துபோனது.

பசை போடாததும் வாலை ஒட்ட வெட்டாததும் இதற்காகத்தான். முடிச்சை ஊசி முனையால் நெகிழ்த்தி நூலை உருவிவிட்டால் பாரம் சேதமில்லாமல் கழன்று வந்துவிடும். புதிய மேலட்டை ஒன்று எடுத்து, நடுவில் ஒரு மடிப்புக்குப் பதில் 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு மடிப்பு போடுங்கள். முதல் மடிப்பில் பழைய பாரத்தை வைத்து, பழைய துளைகளிலேயே மேலட்டைக்கும் துளை போட்டுத் தையுங்கள். இரண்டாவது மடிப்பில் புதிய பாரம், அதே மூன்று துளை, அதே தையல், தனி நூல். தையல் முடிந்ததும் இரண்டு பாரமும் ஒன்றாக நிற்கும்.

போன சனிக்கிழமை பேத்தி அதைத் தானே தைத்தாள். முடிச்சு போட்டதும் பாட்டி புத்தகத்தை வாங்கி, புதுப் பாரத்தின் முதல் பக்கத்தை விரித்து அவள் முன்னால் வைத்தார். "எட்டாம் நம்பர் கதவு. எழுது கண்ணு."